ஹெல்மெட்டின் உள்ளே கீறல், தலையில் ஒன்றுமில்லை: இதை மறுபடி போடலாமா?

முட்டுக்காடு காற்று

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி ஒரு கேள்வி கேட்க வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருவான்மியூரில் விடிகாலை ஐந்தேகாலுக்கு சைக்கிளில் கிளம்பி ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகக் கோவளம் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவள். நாலு வருஷமாக வாரம் ஒரு தடவை. அன்றைக்குத் திரும்பும்போது பனையூர் பக்கம், குறுக்குத் தெரு வந்து சேர்கிற இடத்தில் ரோட்டின் இடது ஓரம் முழுக்க மணல் பரவிக் கிடந்தது. வழக்கமாகச் சற்று வலப்பக்கம் ஒதுங்கிக் கடந்துவிடுவேன். அன்று பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு ஒட்டியே வந்தது, ஒதுங்க இடமில்லை, மணலிலேயே விட்டேன். முன்சக்கரம் வழுக்கியதுவரைதான் ஞாபகம். முதலில் இடது தோள், அப்புறம் காதுக்கு மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். வேன் நிற்கவில்லை. மீன் வாங்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா ஓடிவந்து கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எழுந்திருக்காதே கண்ணு, அப்படியே உட்காரு" என்று கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது.

தோளில் தோல் உரிந்துவிட்டது, இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. தலையில் ஒரு புடைப்புகூட இல்லை. ஹெல்மெட்டின் வெளியே தார் உரசிய கோடு மட்டும் தெரிந்தது. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சைப் பிரித்துப் பார்த்தால், வெள்ளையாகத் தெர்மாகோல் மாதிரி இருக்குமே, அதில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். மயிரிழைதான், ஆனால் நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது. ஒரு கடையில் காட்டினேன், "ஒன்றும் ஆகாது மேடம், கொஞ்சம் பசை விட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். 2,400 ரூபாய் கொடுத்து வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இதை மறுபடி போடலாமா? அப்பா "இனிமேல் சைக்கிளே வேண்டாம்" என்று நிற்கிறார், அவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பின்சக்கரம்

போடக் கூடாது. பசை விடச் சொன்னவர் தெரியாமல் சொல்லிவிட்டார். கோயம்புத்தூரில் பத்தொன்பது வருஷமாக சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன், இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவையாவது வரும்.

அந்த வெள்ளைப் பொருள் தெர்மாகோல் குடும்பம்தான், அடர்த்தி அதிகம். அது வேலை செய்வதே நசுங்கித்தான். தலை தார் ரோட்டில் நேராக மோதினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் நின்றாக வேண்டும், நடுவில் இந்த நுரை இருந்தால் அது இரண்டு சென்டிமீட்டர் வரை நசுங்கி இடம் கொடுக்கிறது. அந்த இடைவெளியில்தான் அடியின் கடுமை குறைகிறது. நசுங்கிய இடம் பழையபடி உப்பாது. வெளியே பிளாஸ்டிக் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அந்தப் பக்கம் வேலை முடிந்துவிட்டது. ஒரு ஹெல்மெட்டுக்கு ஒரு அடிதான் கணக்கு.

தூக்கிப் போடும்போது வாரை வெட்டிவிட்டுப் போடுங்கள் தங்கச்சி. குப்பையில் இருந்து எடுத்து யாராவது தன் பிள்ளைக்கு மாட்டிவிட்டால் பாவம். புதிது வாங்கும்போது உள்ளே ஸ்டிக்கரில் ஈஎன் 1078 என்றோ சிபிஎஸ்சி என்றோ இருக்கிறதா பாருங்கள். முன்னது ஐரோப்பியச் சோதனை, பின்னது அமெரிக்கச் சோதனை. ஸ்டிக்கரே இல்லாமல் 400 ரூபாய்க்குக் கிடைப்பது தொப்பிதான்.

வேளச்சேரி வாசி

வண்டிக்குப் போடுகிற ஐஎஸ்ஐ ஹெல்மெட்டையே சைக்கிளுக்கும் போட்டால் என்ன? வீட்டில் இரண்டு சும்மா கிடக்கிறது.

பின்சக்கரம்

பாதுகாப்பில் குறை இல்லை, ஆனால் மிதிக்கும்போது மூச்சு முட்டும், கழுத்து வலிக்கும், காது அடைப்பதால் பின்னால் வருகிற வண்டிச் சத்தமும் சரியாகக் கேட்காது. மே மாதம் ஒரு நாள் போட்டுப் பார்த்தால் மறுநாள் கழற்றிவிடுவீர்கள். தினமும் போட முடிகிற பொருளை வாங்குங்கள்.

ஓரமாப் போ

நான் வேறு மாதிரிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈஎன் 1078 சோதனையில் என்ன செய்கிறார்கள்? உள்ளே ஒரு போலித் தலையை வைத்துச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்து இரும்புக் கட்டை மேல் போடுகிறார்கள். தரையில் படும்போது வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை. நம் ரோட்டில் நம்மை இடிக்கிறது எண்பதில் வருகிற கார். இதற்கு ஹெல்மெட் என்ன செய்யும்? 2024 பிப்ரவரியில் நவி மும்பையில் இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர் அவ்தார் சைனி விடிகாலையில் சைக்கிளில் போனபோது பின்னால் வந்த டாக்சி மோதி இறந்துபோனார். அனுபவம் உள்ள ஆள், நண்பர்களோடு போனவர். அடிபட்டவனைப் பார்த்து "ஹெல்மெட் போட்டிருந்தானா" என்று கேட்கிற ஊர் இது, இடித்தவனைப் பார்த்து "எவ்வளவு வேகத்தில் வந்தாய்" என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

பின்சக்கரம்

கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கார் இடிக்கிற கேஸிலும் பல தடவை காரின் முகப்பு நேராகத் தலையில் படுவதில்லை. காலிலோ பின்சக்கரத்திலோ படுகிறது, ஆள் தூக்கி வீசப்படுகிறான், தலை தரையில் விழுகிறது. அந்தக் கடைசி விழுதல் அநேகமாக ஒன்றரை மீட்டர் உயரத்துக் கதைதான். 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நாற்பது ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தார்கள், அடிபட்ட 64,000 பேருக்கு மேல் அதில் வருகிறார்கள். ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் சுமார் 69 சதவீதம் குறைவு என்று வந்தது. அதை எப்படி ஒதுக்கித் தள்ளுவது? அப்புறம் இந்தத் தங்கச்சி விழுந்ததில் கார் படவே இல்லை. மணல், பள்ளம், குறுக்கே ஓடுகிற நாய், மழைநீர் வடிகால் மேல் நீளவாக்கில் கம்பி போட்ட மூடி, இவைதான் என் பட்டறைக்கு வருகிற வளைந்த ரிம்களில் பாதிக்கு மேல்.

ஐன்ட்ஹோவன் தமிழன்

நெதர்லாந்தில் எட்டு வருஷமாக இருக்கிறேன், தினமும் ஆபீசுக்கு சைக்கிள்தான், ஹெல்மெட் கிடையாது. இங்கே கிட்டத்தட்ட யாரும் போடுவதில்லை, போடாமலே உலகத்திலேயே பாதுகாப்பாக சைக்கிள் ஓட்டுகிற நாடுகளில் ஒன்று. காரணம் ரோடு. கார் வேகமாகப் போகிற இடத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை, தனிப் பாதை இல்லாத குடியிருப்புத் தெருவில் கார் முப்பதுக்கு மேல் போகக் கூடாது. முப்பதில் மோதுவதைவிட அறுபதில் மோதினால் வேகம் இரண்டு மடங்கு, அடியின் ஆற்றல் நாலு மடங்கு.

இது வானத்தில் இருந்து விழுந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1971இல் இந்தச் சின்ன நாட்டில் ரோட்டில் செத்தவர்கள் சுமார் 3,300 பேர், அதில் 400க்கும் மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே இயக்கம் நடத்தினார்கள், தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். 1973இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக் கூடாது என்றானது, ரோடு காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் பாதைகள்.

இன்னொன்று. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இயன் வாக்கர் என்பவர் தன் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியை மாட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்து 2007இல் எழுதினார்: ஹெல்மெட் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருக்கமாக முந்திப் போயின. பின்னால் வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கை எடுத்து அந்த வித்தியாசம் பொருட்டில்லை என்று மறுத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முட்டுக்காடு காற்று

8.5 சென்டிமீட்டரா! எங்கள் ஊர் வேன் என் முழங்கையில் இருந்து ஒரு சாணில் போகிறது சார். தனிப் பாதை வரும்வரை நான் என்ன செய்ய?

ஐன்ட்ஹோவன் தமிழன்

ஊருக்கு வந்தால் நானும் போடுகிறேன் மேடம். அதை மறைக்கவில்லை. போன பொங்கலுக்குத் தஞ்சாவூர் வந்தபோது முதல் வேலையாக ஒன்று வாங்கினேன். என் கவலை எல்லாம் சட்டம் போட்டுவிட்டு ரோட்டை அப்படியே விட்டுவிடுவார்களே என்பதுதான்.

இரவுப்பணி மகன்

இதுவரை இங்கே எழுதியதில்லை. படிப்பதோடு சரி. ஆனால் சட்டம் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

என் அப்பா செக்யூரிட்டி வேலை. பழைய இருபத்திரண்டு இன்ச் சைக்கிள், பின்னால் டிபன் பை, ராத்திரி எட்டு மணி ஷிப்டுக்கு பைபாஸ் ஓரமாகப் பதினோரு கிலோமீட்டர் போவார். 2019இல் ஒரு கார் பின்னால் வந்து தட்டிவிட்டுப் போய்விட்டது. இடுப்பு எலும்பு போய்விட்டது, தலைக்கு ஒன்றும் இல்லை. ஓட்டியவர் பிடிபட்டார், "இருட்டில் ஆள் இருந்ததே தெரியவில்லை" என்று ஸ்டேஷனில் சொன்னார். முதலில் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய் நின்றேன். தெருவிளக்கு மூன்று வரிசையாக எரியவில்லை. அப்பா சைக்கிளின் பின்மட்கார்டில் வட்டமான சிவப்புக் கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்தான் இருந்தது. எத்தனை வருஷமாக இல்லை என்று எனக்கே தெரியாது. வாரம் ஒரு தடவை அந்த சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டவன் நான்தான்.

அப்பா சின்னப் பையனாக இருந்தபோது ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கி விடுவார்களாம், நகராட்சியில் வருஷத்துக்கு ஒரு தகர வில்லை வாங்கி சைக்கிளில் மாட்ட வேண்டுமாம். டைனமோ டயரில் உரசுகிற சத்தம் கேட்டால் யாரோ வருகிறார்கள் என்று தெரியுமாம். இப்போது அதெல்லாம் போய்விட்டது, காரின் வேகம் மட்டும் ஏறிவிட்டது.

ஹெல்மெட் நல்லதுதான். ஆனால் கட்டாயம் என்று நாளைக்கே வந்தால் ஈசிஆரில் பந்தய சைக்கிளில் போகிறவர்களை யாரும் நிறுத்தப் போவதில்லை, அவர்கள் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். நிறுத்தி ஃபைன் கேட்கப்படுவது என் அப்பாவைத்தான்.

ஐன்ட்ஹோவன் தமிழன்

தம்பி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? நீங்கள் சொன்னது வெளிநாட்டிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் இருக்கிற கிங் கவுண்டியில் சைக்கிள் ஹெல்மெட் கட்டாயமாக இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். வீடில்லாதவர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும்தான் அதிகமாக அபராதம் போட்டிருக்கிறார்கள் என்று கணக்கில் தெரிந்ததுதான் காரணம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம்தான் 1990 ஜூலையில் முதன்முதலில் கட்டாயம் ஆக்கியது, அங்கே அதற்கப்புறம் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவது குறைந்துபோனது பற்றி இன்றும் சண்டை ஓயவில்லை.

இரவுப்பணி மகன்

நடக்கிறார் அண்ணா, கைத்தடி வைத்துக்கொண்டு. சைக்கிளை விற்க விடமாட்டேன் என்கிறார்.

ஓரமாப் போ

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிற 129ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்குத்தான், மிதிவண்டிக்கு இல்லை. அதை அப்படியே விடட்டும். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்திருக்கிறார்கள், மத்திய அரசின் கணக்கே அது. அதைக் குறைக்க எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தும் தலையிலேயே கை வைத்துக்கொண்டிருந்தால் எப்படி?

அரியலூர் டீச்சர்

எல்லாப் பதிவையும் படித்தேன். நான் அரியலூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற டிப்பர் லாரிகள் ஓடுகிற அதே ரோட்டில்தான் எங்கள் பிள்ளைகள் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் வருகிறார்கள். அந்த சைக்கிளைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் பிளஸ் ஒன் பக்கமே வந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லக்கூடிய பெண் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் என் வகுப்பில் இருக்கிறார்கள். சைக்கிள் வருகிறது, அதோடு ஹெல்மெட் வருவதில்லை, விளக்கு வருவதில்லை.

ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து மார்கழி மாதம் ஆறு மணிக்கு அனுப்பும்போது இருட்டிவிடும். மூன்று பேர் பேசிக்கொண்டே சேர்ந்தாற்போல் போவார்கள். லாரி கிளப்புகிற புழுதியில் பத்தடிக்கு அப்பால் வெள்ளைச் சட்டையே தெரியாது. நான் பேருந்து நிறுத்தத்தில் நின்று அவர்கள் வளைவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன், அதற்கு மேல் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது.

தெரிந்தவர் ஒருவர் போன வருஷம் ஆறு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தோம். பெண் பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை, மடித்து ரிப்பன் கட்டியிருப்பார்கள். காதுக்குக் கீழே வார் வந்து சேர்கிற இடத்தில் சரியாக அந்த ரிப்பன் முடிச்சு. வாரை இறுக்கினால் வலிக்கிறது என்கிறார்கள், தளர்த்தினால் ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றி முழுக்கத் திறந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் ஆறும் ஹேண்டில்பாரில் தொங்கின. பின்சக்கரம் சார், இதற்கு வழி இருக்கிறதா? அப்புறம் கையில் 3,000 ரூபாய் இருந்தால், நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு, நீங்கள் என்ன செய்வீர்கள்?

பின்சக்கரம்

டீச்சர், 3,000 ரூபாயில் நாற்பத்தொரு தலைக்கு ஹெல்மெட் வராது, அதனால் முதலில் பிள்ளைகள் கண்ணில் படட்டும். பின்மட்கார்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப், முன்னால் வெள்ளை, பெடலின் இரண்டு பக்கமும் மஞ்சள். அந்த ஆறு ஹெல்மெட்டையும் ரொம்பத் தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்குக் கொடுங்கள். ரிப்பன் முடிச்சை மட்டும் ஒரு அங்குலம் கீழே இறக்கிக் கட்டச் சொன்னால் வார் அதற்கு மேலே உட்காரும். பின்னால் ஒரு திருகு இருக்கும், முதலில் அதைத் திருகித் தலையைச் சுற்றிப் பிடிக்கவைத்துவிட்டு அப்புறம் வாரைப் போட வேண்டும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல், காதைச் சுற்றி 'வி' மாதிரி வார், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல். வாயை ஆவென்று திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையை லேசாக அழுத்த வேண்டும். அழுத்தவில்லை என்றால் லூசு.

பத்துச் சக்கரம்

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நான் டிப்பர் ஓட்டியவன், இப்போது நாமக்கல் பக்கம் லோடு வண்டி. எங்களைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும், ஸ்டியரிங் சீட்டில் இருந்து என்ன தெரிகிறது என்று சொல்கிறேன், பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

லாரியின் இடது கதவுக்குக் கீழே ஒரு சைக்கிள் நின்றால் எனக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடியிலும் வராது. இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் அகலமாகப் போகும், பின்சக்கரம் உள்ளே வாங்கிக்கொண்டு ஓரத்தை ஒட்டி வரும். லாரி வலப்பக்கம் ஒதுங்குகிறதே, இடது பக்கம் இடம் கிடைக்கிறதே என்று பிள்ளைகள் உள்ளே நுழைவது அந்த நேரத்தில்தான். நுழையவே கூடாது. நின்றுவிட வேண்டும், லாரி போன பிறகு போகட்டும். இதற்கு எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது அம்மா, பின்சக்கரத்தில் பதினைந்து டன் கல் இருக்கும்.

ராத்திரியில் மட்கார்டு டேப் தெரியும், ஆனால் அது கல்லா, போஸ்ட்டா, நிற்கிற வண்டியா என்று சட்டென்று பிடிபடாது. பெடலிலோ காலிலோ மஞ்சள் பட்டை இருந்தால் மேலும் கீழும் போகிறது, பார்த்த நொடியில் சைக்கிள் மிதிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கால் தன்னால் பிரேக்குக்குப் போகும்.

டேப்பை ஃபேன்சி ஸ்டோரில் வாங்காதீர்கள். எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) காட்டப் போகும்போது லாரிக்கு ஒட்டுகிற டேப்பைக் கேளுங்கள், ஏஐஎஸ் 090 என்ற தரக் குறி அதிலேயே அச்சடித்திருக்கும். சாயங்காலம் பார்த்தால் கண்ணைப் பறிக்கும்.

வேளச்சேரி வாசி

கார் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று. ஓரமாக நிறுத்திவிட்டு வலது கதவை வலது கையால் திறக்காதீர்கள், இடது கையை நீட்டித் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் சைக்கிள் வருவது கண்ணில் படும். நான் ஒரு தடவை திறந்த கதவில் மோதி விழுந்தவன்.

முட்டுக்காடு காற்று

ஹெல்மெட்டின் வாரை வெட்டிப் போட்டுவிட்டேன். புதிது வாங்கியாயிற்று, அதோடு பின்னால் ஒரு சிவப்பு விளக்கும். அப்பாவிடம் பழைய ஹெல்மெட்டின் கீறலைக் காட்டினேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்தார், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "எத்தனை மணிக்குக் கிளம்புவாய்" என்று மட்டும் கேட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்குப் போகிற வழியில் பனையூரில் நின்று அந்த அக்காவைத் தேடப் போகிறேன்.

ஓரமாப் போ சார், நீங்கள் சொன்னதும் மனதில் இருக்கிறது. அந்த மணல் இன்னும் அப்படியே கிடக்கிறது. போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை, மறுபடி எழுதுவேன்.

ஓரமாப் போ

மனுவை இங்கே போடுங்கள், நானும் அதே இடத்துக்கு ஒன்று அனுப்புகிறேன். பத்துப் பேர் அனுப்பினால் பத்துக் கடிதம்.

அரியலூர் டீச்சர்

மூன்று ரோல் டேப் வாங்கி, சனிக்கிழமை மதியம் இருபத்தாறு சைக்கிளுக்கு ஒட்டினோம். மீதி பதினைந்து திங்கட்கிழமை. பிள்ளைகளே வெட்டி, பிள்ளைகளே ஒட்டினார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்து ஒரே கூச்சல். லாரி அண்ணன் சொன்ன இடது பக்கக் கதையைக் கரும்பலகையில் படம் வரைந்து சொன்னேன், நாலு பேர் தாங்கள் அப்படி நுழைந்ததுண்டு என்று கையைத் தூக்கினார்கள்.

ஒரு சிக்கல். நேற்று ராத்திரி மழை பெய்தது, காலையில் ஆறேழு சைக்கிளில் மட்கார்டு டேப் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. டேப் மட்டமா, நாங்கள் ஒட்டியது தப்பா?

பத்துச் சக்கரம்

டேப் சரிதான் அம்மா, அடியில் எண்ணெயும் புழுதியும் இருந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வெயில் நேரத்தில் ஒட்டுங்கள். மூலையைக் கத்தரியால் வளைவாக வெட்டிவிடுங்கள், கூர்மையாக இருந்தால்தான் தூக்கும். ஒட்டியதும் ஒரு துணியை வைத்துக் கட்டைவிரலால் நடுவில் இருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்கணும், அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விட்டால் மழைக்கு அசையாது.